நாலு பேருக்கு மூன்று கிண்ணம்

சியோகெங் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சிப்பி அடையைச் சூடாகச் சாப்பிட்டதில்லை. எங்கள் தென்சீனத்துச் சாவ்சோ பக்கத்து ஆண்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். முப்பத்தோரு வருஷமாக ஊரே மெச்சும்படி அடை சுட்டவள், ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதை யார் தடுத்தார்கள் என்று கேட்பார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சிப்பி அடை ஒரு சட்டிக்கு ஒன்றுதான் வரும். பன்றி நெய் புகைய வேண்டும். நகம் அளவுச் சிப்பிகளைக் கிழங்கு மாவில் கரைத்து ஊற்றி, மேலே இரண்டு வாத்து முட்டையை உடைத்து விட்டு, விளிம்பு மொறுமொறுவென்று ஆனதும் எடுத்துவிட வேண்டும். எடுத்த கையோடு, மீன் சாற்றில் மிளகுத் தூள் தூவித் தொட்டுத் தின்ன வேண்டும். ஐந்து நிமிஷம் விட்டால் செருப்புத் தோல்தான். அவள் புகுந்த நாம்கோய் கிராமத்து டான் குடும்பத்தில் முதல் தட்டு, மாமனார் இருந்தவரை, அவருக்கு, அடுத்தது அவருடைய தம்பிக்கு, அப்புறம் கணவனுக்கு, கொழுந்தனுக்கு, வந்த விருந்தாளிக்கு, பையன்களுக்கு. கூடத்து மேஜை அடங்கின பிறகு, திரும்பி வந்த தட்டுகளில் மிஞ்சிக் கிடப்பது மருமகள்களுக்கு. அதை அடுப்படியில் நின்றபடியே தின்பார்கள். உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுவார்கள்.

சியோகெங் பிறந்த வீட்டிலும் இதே கதைதான். மூத்த பெண், கீழே நாலு தம்பிகள். இருபத்தைந்து வயதில் பெக்சுங்குக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் குவாங்சோவில் பூட்டு தாழ்ப்பாள் கடை வைத்தபோது கூடவே போனாள். அங்கே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாள். டிக்கெட் மெஷின் வந்ததும் டிப்போவில் பஸ் கழுவினாள். ஐம்பது வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். புத்தாண்டு, முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள், மாமனார் திதி என்று வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்கு வருவாள். ரயிலிலிருந்து இறங்கியதும் அடுப்படிக்குள் நுழைந்தால் திரும்ப ரயிலேறும்போதுதான் வெளியே வருவாள்.

குவாங்சோவிலேயே சுட்டுச் சாப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். அந்த ஊரில் கிடைக்கும் சிப்பி உள்ளங்கை அகலம், சுட்டால் தண்ணீர் விடும். எப்போதாவது ஊரிலிருந்து நல்ல சிப்பி வந்தால் பெக்சுங் கடைப் பையன்களையும் பக்கத்துக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். தன் ஊர்ச் சாப்பாடு என்று அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

டிப்போவில் கூட வேலை பார்த்த மூன்று பெண்கள் ஓய்வுக்குப் பிறகு மாதம் ஒரு முறை எங்காவது சாப்பிடப் போவார்கள். சுற்றிப் பார்க்க இல்லை, சாப்பிட மட்டும். இரண்டு பகல், ஒரு ராத்திரி, முதுகில் ஒரு பை, அதில் வயிற்று மாத்திரை. கூன்யிங் என்பவள்தான் தலைவி. குரல் எட்டுத் தெருவுக்குக் கேட்கும். எந்த ஊரில் எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் போனால் இடம் கிடைக்கும் என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். லாய்வாவும் சுய்டிங்கும் அவள் பின்னால் போகிறவர்கள். போன வருஷம் ஷுன்தே நகரத்துக்குக் கிளம்பியபோது சியோகெங்கையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஷுன்தேயில் ஒரு மீன் கடை. நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பரிமாறும் பெண் ஆவியில் வெந்த மீனைக் கொண்டுவந்து, முதல் தடவை வந்தவள் யார் என்று கேட்டு, மீனின் தலை சியோகெங்கைப் பார்க்கும்படித் தட்டைத் திருப்பி வைத்தாள். மீன் யாரைப் பார்க்கிறதோ அவர்தான் அந்த மேஜையின் பெரிய விருந்தாளி. அவர் எடுக்காமல் மற்றவர்கள் எடுக்கமாட்டார்கள். மூன்று பேரும் சாப்பாட்டுக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சியோகெங் மீனின் கன்னத்துச் சதையைக் கிள்ளி வாயில் வைத்தாள். நாக்கு சுட்டது.

அன்றைக்கு அவள் தின்ற தீனிக்குக் கணக்கே இல்லை. கண்ணாடி மாதிரி அரிந்த பச்சை மீன், வறுத்த பால், இஞ்சிச் சாற்றில் உறைந்த எருமைப் பால், கல்சட்டியில் விலாங்கு. எல்லாமே சூடாக இருந்தன, எல்லாவற்றையும் யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். தட்டு காலியானால் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள், அதைக் கழுவும் சத்தம்கூடக் காதில் விழவில்லை. இப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் வரை சிரித்த முகமாகத் திரிந்தாள். பெக்சுங் காய்ச்சலா என்று கேட்டான்.

இந்த வருஷம் கூன்யிங், அடுத்தது சாவ்சோ என்று சொல்லிவிட்டாள். மேஜையிலேயே கொதிக்கும் சாற்றில் முக்கித் தின்னும் மாட்டுக்கறி ஹாட்பாட், மசாலாவில் வெந்த சிங்கத்தலை வாத்து, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரயிலுக்கு முன்னால், மேற்கு வாசல் பக்கத்துக் கடையில் சிப்பி அடை. நாம்கோய் சாவ்சோவிலிருந்து நாற்பது நிமிஷம். போதாக்குறைக்கு அந்த ஞாயிறு பௌர்ணமி, மாமியார் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடும் நாள். படையல் அன்றைக்கு மருமகள் ஊருக்குள் வந்துவிட்டு வீட்டை எட்டிப் பார்க்காமல் போனாள் என்று தெரிந்தால் அடுத்த பத்துப் புத்தாண்டுக்கு அதைத்தான் பேசுவார்கள்.

ஆனால் ஆசை யாரை விட்டது? சொந்த ஊர்ச் சாப்பாட்டை விருந்தாளியாக உட்கார்ந்து, சூடாக, ஒரே ஒரு தடவை. மேற்கு வாசல் கடையில் ஒரு தட்டு அடை, அவள் முன்னால், அவளுக்கென்று. அவள் கேட்டது அவ்வளவுதான். கணவனிடம் ஜான்ஜியாங் போகிறோம் என்று பொய் சொன்னாள். அந்த ஊர்க் கோழி நன்றாக இருக்குமாமே என்று அவனும் சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டான். வாழ்க்கையில் அவனிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய், இவ்வளவு சுலபமாகப் போனது அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு சாவ்சோவில் இறங்கினார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக் கவசம் என்று சியோகெங் திருடி மாதிரி வந்தாள். கூன்யிங் கண்டுபிடித்து வைத்திருந்த மாட்டுக்கறிக் கடையில் கூட்டம். மேஜை காலியாகும் வரைக்கும் வாசலில் உட்காரச் சொன்னார்கள். கடைக்காரர் வழுக்கைத் தலை, அறுபது வயதிருக்கும். வாசலில் தேநீர்த் தட்டோடு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பதுதான் அவர் வேலை, மீதியை மகன்கள் பார்த்துக்கொண்டார்கள். சின்னக் கிண்ணங்கள் மூன்றை நெருக்கமாக வைத்து, கெட்டிலைச் சுற்றிச் சுற்றி ஊற்றினார். எங்கள் பக்கம் எத்தனை பேர் வந்தாலும் கிண்ணம் மூன்றுதான். நாலு பேர் இருந்தால் ஒருத்தர் பொறுத்திருக்க வேண்டும், ஐந்து பேர் இருந்தால் இரண்டு பேர். குடித்த கிண்ணத்தை வெந்நீரில் அலசி அடுத்த சுற்று. யார் பொறுத்திருப்பது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஆள் பொறுத்திருப்பார்.

கிண்ணங்கள் நிரம்பியதும் சியோகெங்கின் கை தானாக நீண்டது. ஒன்றை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து கூன்யிங் பக்கம் தள்ளினாள், ஒன்றை லாய்வாவுக்கு, ஒன்றை சுய்டிங்குக்கு. அவர்கள் குடித்து வைத்ததும் கிண்ணங்களை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றைச் சுழற்றி வெந்நீரில் அலசி, மறுபடியும் மூன்றாக நெருக்கி வைத்தாள். அவர் ஊற்றியதும் முதல் கிண்ணத்தை அவருக்கே நகர்த்தினாள். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம். இதை அவள் செய்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியாது.

கடைக்காரர் கெட்டிலைக் கீழே வைத்தார். எங்கள் பேச்சில், “நம்மாளா நீ?” என்றார்.

அவள் முகக் கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு, இல்லை, குவாங்சோ என்று சொல்லப் பார்த்தாள். அவர் விட்டால்தானே.

“வெளியூர்க்காரி நாலாவது கிண்ணம் எங்கேம்பா. இல்லாட்டி முதல் கிண்ணத்தத் தூக்கிக் குடிச்சிருவா. நீ கண்ணால பாக்கக்கூட இல்ல. நல்ல வீட்டுல வளந்த கை இது. எந்த ஊரும்மா?”

வெளியூரில் யாராவது வழியில் நிறுத்தி இப்படிக் கேட்டிருந்தால் ஆயிரம் பொய் சொல்லியிருப்பாள். ஆனால் தேநீர் ஊற்றிக் கொடுத்த பெரியவரிடம், அதுவும் அவர் இப்படிப் பாராட்டிவிட்ட பிறகு, புகுந்த வீட்டை மறைப்பதா? அவளுக்கு வாய் வரவில்லை. நாம்கோய், டான் வீட்டு மூத்த மருமகள் என்றாள். அவர் தொடையைத் தட்டினார். நாம்கோய் டான் எக்கிம் வளர்க்கிற வாத்துதான் பக்கத்திலிருக்கும் தன் தம்பி கடைக்கு வருகிறதாம். அது என் கொழுந்தன் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் போன் அவர் காதுக்குப் போய்விட்டது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நம்மாள் ஒருத்தி வந்திருக்கிறாள், வீட்டுக்காரர்களுக்குச் சொல்லாமல் இருந்தால் தன் மரியாதைதான் போகும் என்று நினைத்தார். எங்கள் ஊரில் பாதி வினைகளும் இப்படி நல்ல எண்ணத்தில்தான் வருகின்றன.

ஒரு கிண்ணம் எடுத்துக் குடித்திருந்தால் போதும். ஒரே ஒரு கிண்ணம். நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது.

உள்ளே மேஜை கிடைத்தது. கறித் தட்டுகள் வந்தன. கழுத்துச் சதை எட்டு விநாடி, தொடை பத்து விநாடி, கொழுப்பு மூன்று நிமிஷம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. கூன்யிங் வலைக் கரண்டியை சியோகெங்கின் கையில் கொடுத்துவிட்டாள்.

“உங்க ஊரு, உனக்குத்தான் பதம் தெரியும். நீ போட்டு எடு, நாங்க தின்னுட்டே இருக்கோம்.”

அவள் முக்கி எடுத்து மூன்று கிண்ணத்திலும் போட்டாள். நாலாவது ஈட்டைத் தனக்கென்று வைத்துக்கொண்டு குச்சியை எடுத்தபோது வாசலில் வாத்து வேன் வந்து நின்றது. கொழுந்தன் எக்கிம் இறங்கினான். சட்டையில் இறகு. முகமெல்லாம் சிரிப்பு. அவள் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தாள். அவளுடைய கிண்ணத்தில் இருந்த கறியை அவன் முன்னால் நகர்த்தினாள்.

எக்கிம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மற்ற மூவருக்கும் எழுந்து நின்று வணக்கம் சொன்னான், அவர்களுக்குப் புரியும் பேச்சில் பயணம் எப்படி என்று விசாரித்தான், தானே தேநீர் ஊற்றினான். அப்புறம்தான் அண்ணியின் பக்கம் திரும்பினான்.

“வீடு இருக்கறப்ப ஓட்டல்ல சாப்பாடா அண்ணி? நாளைக்குப் பௌர்ணமி. இத்தன விருந்தாளிங்கள வெளிய வச்சே அனுப்பிட்டோம்னா அம்மா மூஞ்சிய எங்க கொண்டு வச்சுப்பாங்க? காலையில வேன் கொண்டாரேன். நாலு கிலோ சிப்பி சொல்லிட்டேன்.”

அவள் வேண்டாம், எதற்குச் சிரமம் என்றாள். சிரமம் என்ன என்றான். இன்னொரு தடவை வேண்டாம் என்றாள். அவன் சிரித்தான். அவள் கூன்யிங்கின் காதருகே குனிந்து, முடியாது என்று நீ சொல், எனக்குப் போகப் பிடிக்கவில்லை என்றாள். கூன்யிங் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“மரியாதைக்கு மூணு தடவ வேண்டாம்னு சொல்லணும், எங்களுக்குத் தெரியாதா? நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம். அடி கெங், வீட்டுச் சாப்பாடுடி! காசு குடுத்தாலும் எங்க கெடைக்கும்?”

அவ்வளவுதான், முடிந்தது. எங்கள் ஊரில் மறுப்புக்கு வழியே கிடையாது. எத்தனை தடவை மறுத்தாலும் அது நாகரிகத்தில் போய்ச் சேர்ந்துவிடும். சாயங்காலம் கணவன் போன் செய்தான். தம்பி சொல்லிவிட்டிருந்தான்.

“ஜான்ஜியாங் ரயிலு சாவ்சோவுலயும் நிக்குதா? எனக்கு இத்தன நாளாத் தெரியாமப் போச்சே.”

அவன் கத்தவில்லை. அம்மாவுக்கு வாதத் தைலம் வாங்கிக்கொண்டு போ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அன்றைக்கு மூன்று பேரும் வாத்துத் தலையை வாங்கி, உறையைக் கையில் மாட்டிக்கொண்டு எலும்பை உறிஞ்சினார்கள். அவளும் தின்றாள். எந்த ருசியும் தெரியவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நாம்கோய். கூடத்தில் முன்னோர் படத்துக்கு முன்னால் வாத்து, மீன், பன்றி, சிவப்புக் கொழுக்கட்டை எல்லாம் வைத்து ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. மாமியாருக்கு எண்பத்து நாலு வயது. விருந்தாளிகளின் கையை ஒவ்வொருத்தியாகப் பிடித்துக்கொண்டு வந்தது பெரிய சந்தோஷம் என்றாள். மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சமையல் துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அது அவளுடைய துணிதான். போன தடவை அவள் துவைத்து மாட்டிவிட்டுப் போன அதே இடத்தில் இருந்தது.

படையல் முடிந்ததும் பெரிய வட்ட மேஜை கூடத்துக்கு வந்தது. எக்கிம் மூன்று நாற்காலியை இழுத்துப் போட்டான், வாசலைப் பார்த்த கௌரவ இடங்களில். டான் வீட்டுக் கூடத்து மேஜையில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இவர்கள் விருந்தாளிகள், வெளியூர்க்காரர்கள், அது வேறு கணக்கு. பெரியப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக் கிழவர் எல்லாரும் எழுந்து நின்று வரவேற்று அவர்களை உட்கார வைத்தார்கள். மூன்று கிண்ணத்தில் தேநீர் வந்தது. மூன்றும் அவர்களுக்கே போனது.

கூன்யிங் கொஞ்சம் கூச்சத்தோடு, கெங் உட்காரவில்லையா என்று கேட்டாள். “அண்ணி உக்கார மாட்டாங்க. அடுப்புக்கிட்ட நின்னாத்தான் அவங்களுக்கு நிம்மதி” என்று எக்கிம் சொன்னான். மேஜையே சிரித்தது. கூன்யிங்கும் சிரித்தாள்.

இரண்டு நாள் ஊர் சுற்றிச் சாப்பிட அவள் வந்தாள். வந்த இடத்தில் தன்னோடு வந்தவர்களுக்கே சமைத்துப் போட நின்றாள். இதைவிட அழகாக ஒருத்தியை யாரும் ஏமாற்ற முடியாது, ஏமாற்றினவர்கள் என்று கைகாட்டவும் ஒருத்தர் இல்லை.

அடுப்படியில் எக்கிமின் மனைவி சுவான் வெங்காயத்தாள் நறுக்கினாள். சுவானுக்கு நாற்பது வயது, அதிகம் பேசமாட்டாள். சியோகெங் சட்டி வைத்தாள். முதல் அடை போனது. கூடத்தில் ஆகா என்றார்கள். இரண்டாவது போனது. மூன்றாவதை ஊற்றும்போது கூன்யிங் போனோடு உள்ளே வந்தாள்.

“இந்தப் பக்கம் திரும்புடி. கரண்டியத் தூக்கு. பாரேன், வீட்டுக்கு வந்ததும் மூஞ்சியில என்னா களை!”

வியர்வையைத்தான் களை என்றாள். படம் எடுத்துக்கொண்டு, அடை ஆறிவிடும் என்று ஓடினாள்.

ஏழாவது, எட்டாவது. முட்டைக் கூடை குறைந்தது. ஒன்பதாவதை ஊற்றும் முன்னால் சியோகெங் ஒரு காரியம் செய்தாள். ஒரு கைப்பிடிச் சிப்பியை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு மூடி, மாவுச் சட்டிக்குப் பின்னால் தள்ளினாள். இரண்டு வாத்து முட்டையைத் துணி மடிப்பில் வைத்துக்கொண்டாள். சுவான் பார்த்தாள். பார்க்காதவள் போல அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து மெதுவாக, “போதும்னுட்டாங்க அக்கா. பழம் கொண்டாரச் சொல்றாங்க. நான் பாத்துக்கறேன். நீங்க உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கங்க” என்றாள்.

முப்பத்தோரு வருஷத்தில் அந்த வீட்டில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சியோகெங்குக்குக் கண் கலங்கியது, புகை என்று துடைத்துக்கொண்டாள். பன்றி நெய்யைத் தாராளமாக விட்டாள். சிப்பி விழுந்ததும் சட்டி சீறியது. முட்டையை உடைத்துப் பரப்பினாள். மற்றவர்களுக்குச் சுட்டபோது இல்லாத நிதானம் கையில் வந்திருந்தது. விளிம்பு பொன்னிறமாகி, நடுவில் சிப்பி கொழகொழவென்று துடித்தபோது எடுத்துத் தட்டில் போட்டாள். அவள் சுட்டதிலேயே அதுதான் நல்ல அடை, அவளுக்கே தெரிந்தது. மூங்கில் மணையை அடுப்பு முன்னால் இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். மீன் சாறு, மிளகு. குச்சியால் விளிம்பில் ஒரு துண்டைப் பிய்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

“யாருக்கு இது?”

வாசலில் மாமியார் நின்றாள். அதட்டிக் கேட்கவில்லை. பழத் தட்டு எங்கே என்று கேட்க வந்தவள், மருமகள் மணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சும்மா கேட்டாள். எனக்கு என்று சொல்லியிருந்தால் கிழவி சரி என்று போயிருப்பாள். சத்தியமாகப் போயிருப்பாள், கல் நெஞ்சக்காரி இல்லை அவள். ஒரு வார்த்தை. இத்தனை வருஷமாக அவள் நெஞ்சில் இருந்த வார்த்தை. அதைச் சொல்வதற்காகத்தான் பொய் சொல்லி ரயிலேறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

சியோகெங் எழுந்து நின்றாள்.

“விருந்தாளிக்கு அத்தை” என்றாள்.

“அப்ப ஆறுறதுக்குள்ள அனுப்பு” என்று சொல்லிவிட்டு மாமியார் போய்விட்டாள்.

பிய்த்த துண்டை சியோகெங் குச்சியாலேயே பழைய இடத்தில் ஒட்டி வைத்து, வெங்காயத்தாளைத் தூவி மறைத்துத் தட்டைச் சுவானிடம் நீட்டினாள். சுவான் வாங்கிக்கொள்ளவில்லை. சியோகெங் தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி, சட்டியைக் கழுவ ஆரம்பித்தாள். சுவான் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கூடத்திலிருந்து, இன்னொன்றா, வயிறு வெடித்துவிடும் என்று கூன்யிங் கத்துவது கேட்டது. அப்புறம் கத்தல் நின்றது. சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றரை மணி ரயில். எக்கிம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அம்மா கொடுத்தனுப்பியது என்று ஒரு வெள்ளைப் பெட்டியை அண்ணியிடம் கொடுத்தான். ஐஸ் போட்ட சிப்பி, ஒரு கிலோ, பெக்சுங்குக்கு. கூடவே பத்து வாத்து முட்டை. உடைந்துவிடப் போகிறது என்று அவள் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மற்ற மூவரும் இடுப்பு பட்டனைத் தளர்த்திவிட்டுக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்கள். மேற்கு வாசல் கடைக்குப் போக முடியவில்லையே என்று சுய்டிங் சொன்னதற்கு, அதெல்லாம் சுற்றுலாக்காரர்கள் கடை, தூக்கிப் போடு என்றாள் கூன்யிங். போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். கடைசி அடையின் படம் வந்ததும் நிறுத்தினாள்.

“இது இருக்கே, இதுதான்டி. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இத வாயில வச்சேன் பாரு, அப்படியே கண்ண மூடிட்டேன். அடுத்த தடவ ஓட்டலே வேண்டாம், நேரா உங்க வீடுதான்.”

சியோகெங் அந்தப் படத்தைப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் பிய்த்த இடம் லேசாகத் தெரிந்தது.

“அது நான் எனக்குச் சுட்டது” என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். முன் இருக்கையில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். கூன்யிங் சிரித்து அவள் தோளில் ஒன்று போட்டாள்.

“உனக்கென்னடி குறை? நாங்க ரயிலேறி வந்து தின்னணும். நீ நெனச்சா நெனச்ச நேரம் சுட்டுத் தின்னுக்கலாம்.”

மூன்று பேரும் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்கள். சியோகெங் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். காலையில் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்ததோடு சரி, வயிறு காய்ந்து கிடந்தது. ஏறும் முன்னால் ஒரு ரொட்டியாவது வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. அப்போது போனில் கணவனிடமிருந்து செய்தி வந்தது. ஜான்ஜியாங் பற்றி ஒன்றும் இல்லை. அம்மா சிப்பி கொடுத்துவிட்டாளாமே, பக்கத்துக் கடைக்காரரையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டேன், நீ வந்ததும் ஆரம்பிக்கலாம், அடைச்சட்டியைக் கழுவி வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தான்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அந்த மனுஷன் சட்டி கழுவியது அதுதான் முதல் தடவை.